ஆள்காட்டிக்கு வாய்ப்பூட்டு

கருவேலங்குளத்தில் வருஷா வருஷம் முதல் மழை பெய்த மறுநாள் தேர்தல். ஒரு காலைத் தூக்கினால் ஓட்டு. அவ்வளவுதான்! அந்த வருஷம் செந்நாய் ஜெயித்தது. "சிறுத்தையை இந்தப் பக்கமே தலைகாட்ட விடமாட்டேன்!" என்று அது சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். செவ்வந்தி என்ற புள்ளிமானும் நம்பினாள்.

அந்தக் கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. எது வந்தாலும் கத்திச் சொல்லிவிடும். யார் குட்டியைக் காணோம், எந்தப் புதரில் ரத்தம் கிடக்கிறது, எல்லாம் அதன் வாயால்தான் காட்டுக்குத் தெரியும்.

பதவிக்கு வந்த மூன்றாம் நாளே செந்நாய் கூட்டம் போட்டது.

"இந்தக் குருவி ஓயாம கத்துது. குட்டிங்க பயந்து நடுங்குது. இனிமே எதுவா இருந்தாலும் முதல்ல என்கிட்ட சொல்லட்டும். நான் விசாரிச்சு, உண்மைன்னா கத்தச் சொல்றேன். சரிதானே?"

"ரொம்பச் சரி! இது போடுற சத்தத்துல என் கன்னு பாலே குடிக்க மாட்டேங்குது!" என்று முதலில் காலைத் தூக்கியவள் செவ்வந்திதான்.

நாலு நாள் கழித்துக் குருவி செந்நாயிடம் போனது.

"தலைவரே, நேத்து மத்தியானம் உங்க தம்பிங்க நாணலுக்குள்ள முயல்குட்டியைத் தின்னாங்க. என் கண்ணால பார்த்தேன். கத்தலாமா?"

"விசாரிக்கிறேன்!" என்றது செந்நாய்.

அன்று சாயங்காலமே குருவியின் முட்டைகள் மிதிபட்டுக் கிடந்தன. அது அழுதுகொண்டே எங்கோ பறந்துபோனது. "அப்பாடா, என்ன நிம்மதி!" என்றாள் செவ்வந்தி. பாவி!

கோடையில் ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போன அவள் கன்று திரும்பவில்லை. அலறிக்கொண்டு தலைவரிடம் ஓடினாள்.

"என் கன்னைக் காணோம்!"

"வேற யாருக்காவது இப்படி ஆச்சுன்னு கேள்விப்பட்டியா?"

"இல்லையே..."

"அப்போ தப்பு யார்மேல? பெத்த பிள்ளையைப் பார்த்துக்கத் துப்பில்ல! வெளியில சொல்லாதே, உனக்குத்தான் கேவலம்!"

அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. மடியில் பால் கட்டி வலித்தது. யாராவது விசாரித்தால், "தூங்குது" என்றாள். முயலிடமும் காட்டுப்பன்றியிடமும் மயிலிடமும் செந்நாய் இதையேதான் சொல்லி அனுப்பியது என்று அவளுக்கு யார் சொல்வார்கள்?

மறுபடியும் முதல் மழை பெய்தது. குளக்கரையில் கூடினார்கள். முயல் தனியாக வந்தது. பன்றியும் தனியாகத்தான் வந்தது. மயில் தலையே நிமிரவில்லை.

"என் ஆட்சியில யாருக்காவது குறை உண்டா?" என்று கேட்டது செந்நாய்.

செவ்வந்திக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. 'எல்லாரும் சும்மா இருக்காங்களே. பறிகொடுத்தவ நான் ஒருத்திதானே' என்று நினைத்து விழுங்கிக்கொண்டாள்.

"அப்போ காலைத் தூக்குங்க!"

ஒரு கால் பாக்கியில்லை. செவ்வந்தியும் தூக்கினாள். செந்நாய் எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, அவள் வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தது. அவள் மறுபடியும் சினையாக இருந்தாள்.

நடந்ததைச் சொல்கிறவர் வாயைக் கட்டிவிட்டால், மக்கள் அவரவர் துயரத்தைத் தனித்தனியாக மூடி வைத்துக்கொண்டு, அதைக் கொடுத்தவனுக்கே மறுபடியும் ஓட்டுப் போடுவார்கள்.