காலில் விழாதவள்

“தவமணிக்கு இன்னும் அகந்தை போகலம்மா. நான் என்னதான் செய்ய?”

மடத்துத் தலைவி பெரியம்மையிடம் இப்படிக் கேட்டவர் ஆவுடையப்பன். பெரியம்மையின் மூத்த சீடர், மடத்தின் ஒழுங்கைக் கவனிப்பவர்.

அந்த மடத்தில் எல்லா நோய்க்கும் ஒரே பெயர் அகந்தை. தலைவலி என்றால்கூட ‘அகந்தையைக் குறை’ என்பார்கள்.

காலைப் பூசை முடிந்ததும் எல்லாரும் சாந்தநாதர் காலில் விழுவது வழக்கம். அவர்தான் அங்கே பாடம் சொல்பவர், அடுத்த தலைவராக வரப்போகிறவர். மடத்தில் தங்கிப் பாடம் கேட்கும் தவமணி மட்டும் தள்ளி நிற்பாள்.

ஆவுடையப்பன் அவளைப் பட்டினி போட்டுப் பார்த்தார். பிராகாரம் முழுக்கக் கூட்டச் சொன்னார். எல்லாம் செய்தாள். காலில் மட்டும் விழவில்லை. நாளைக்கும் விழாவிட்டால் மூட்டையைக் கட்டச் சொல்லிவிடலாமா என்று கேட்கத்தான் இப்போது வந்திருந்தார்.

“ஏன் விழலன்னு அவகிட்ட கேட்டியா?”

“கேட்க என்னம்மா இருக்கு? அதான் தெரியுதே.”

பெரியம்மை தவமணியை வரவழைத்துத் தன் பாயில் உட்காரவைத்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

அவள் சொன்னாள். தனியாகப் பாடம் சொல்கிறேன் என்று சாந்தநாதர் அறைக்கு அழைத்தது, கதவைச் சாத்தியது, மேலே கை வைத்தது, உதறியபோது குருவிடம் சரணடையத் தெரியவில்லையே என்று கடிந்தது. சொல்லி முடிக்கும்வரை பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

பெரியம்மைக்குக் கண் கலங்கிவிட்டது.

“யார்ட்டயும் சொல்லலியா தாயி?”

“யார்ட்டம்மா சொல்ல? எல்லாரும் அவர் கால்ல கிடந்தாங்க.”

ஆவுடையப்பனுக்கு வெட்கமாக இருந்தது. அவளைப் பட்டினி போட்டவர் அவர்தானே.

பெரியம்மை அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். சாந்தநாதர் இனி இங்கே பாடம் சொல்ல மாட்டார், தலைவராகவும் வர மாட்டார் என்றார்.

“போலீசுக்குப் போறது உன் இஷ்டம். போனா நானும் வாரேன்.”

அவள் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தாள். பெரியம்மை அவசரப்படுத்தவில்லை.

“போவோம்மா.”

பெரியம்மை எழுந்து செருப்பைத் தேடினார். ஆவுடையப்பன் பதறிப்போனார். தப்பு தப்புதான், ஆனால் ஊர் சிரிக்குமே, மடத்துக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாமே என்று பின்னாலேயே வந்தார்.

“மடத்து மானம் என்னம்மா ஆகும்?”

பெரியம்மை தவமணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அது இத்தனை நாளும் ஒத்தையில நின்னுச்சு ஆவுடை. வா, நாமளும் கூட நிப்போம்.”