சிம்மாசனத்தை விட்டு இறங்கிய வெள்ளச்சி

முன்னொரு காலத்தில் வெண்குன்றம் என்னும் நாட்டைக் குலோதயன் என்று ஓர் அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வான், மாலையில் வேறொன்று சொல்வான். அவன் மனம் மாறாமல் இருந்தது வெள்ளச்சி என்ற பூனையிடம் மட்டும்தான். வெள்ளச்சி சிம்மாசனத்தில் தூங்கும். அரசன் சாப்பிட உட்கார்ந்தால் சாப்பாட்டு மேடைமேல் ஏறி அவன் தட்டிலேயே மூக்கை நீட்டும். அதை விரட்ட யாரும் துணியவில்லை.

ஒருநாள் அண்டை நாட்டு அரசன் பரிமளராயன் ஆற்று நீரைப் பங்கிட்டுக்கொள்வது பற்றிப் பேச வந்தான். மரியாதைக்காகக் குலோதயன் அவனைத் தன் சிம்மாசனத்திலேயே உட்கார வைத்தான். எழுந்தபோது பரிமளராயனின் கருநீலப் பட்டெல்லாம் வெள்ளை ரோமம். விருந்திலோ அவனுடைய பாயசத்தில் பூனை கால் வைத்தது. அவன் பேச்சை முடிக்காமலே புறப்பட்டான்.

"அறுவடை முடிந்து வருகிறேன். அதற்குள் இங்கே ஆள்வது யார் என்று முடிவு செய்துவையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

குலோதயனுக்கு முகம் கறுத்துவிட்டது. "இனி வெள்ளச்சி சிம்மாசனத்திலும் சாப்பாட்டு மேடையிலும் ஏறக்கூடாது. ஆனால் அதைக் கட்டக்கூடாது, அடைக்கக்கூடாது, அடிக்கவும் கூடாது. யார் பழக்குவீர்கள்?" என்று சபையில் கேட்டான்.

சேனாபதி கச்சிராயர் முந்திக்கொண்டார். அமைச்சர் திருவெண்காடரின் பதவிமேல் அவருக்கு வெகு நாளாகக் கண். செம்பு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு சிம்மாசனத்தருகே நின்றார். பூனை ஏறினால் தெளித்தார், அதட்டினார். வெள்ளச்சி சீக்கிரமே ஒன்றைக் கற்றுக்கொண்டது: கச்சிராயர் இருக்கும்போது ஏறக்கூடாது. அவர் முதுகு மறைந்ததும் ஏறிப் படுத்துக்கொண்டது. அவரைக் கண்டாலே சீறவும் தொடங்கியது.

தோற்றுப்போன கச்சிராயர் பேச்சைத் திருப்பினார். "இது புத்திசாலிகள் செய்யும் வேலை, மன்னா. அமைச்சர் செய்யட்டும். முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிடட்டும்."

"அதுவும் சரிதான்" என்றான் அரசன்.

திருவெண்காடருக்கு மோதிரத்தைப் பற்றிக்கூட அவ்வளவு கவலையில்லை. ஆற்று நீர் வராவிட்டால் கீழைச் சீமை வயல்கள் காய்ந்துவிடுமே என்றுதான் இருந்தது. அவர் பூனையை ஒன்றும் செய்யவில்லை. சபையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து அது எங்கே போகிறது, எப்போது போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். காலை வெயில் ஜன்னல் வழியாகச் சிம்மாசனத்தில்தான் விழுந்தது. அங்கிருந்து பார்த்தால் மண்டபம் முழுவதும் தெரிந்தது. மேடையிலோ அரசனே யாரும் பார்க்காத நேரத்தில் மீன் துண்டை நீட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் தச்சரை வரவழைத்து, ஜன்னலருகே சிம்மாசனத்தைவிட உயரமாக ஒரு பலகை அடிக்கச் சொன்னார். அரசனின் பழைய சால்வையை அதன்மேல் விரித்தார்.

கச்சிராயர் குதித்தெழுந்தார். "பார்த்தீர்களா மன்னா? அரசனைவிட உயரத்தில் பூனைக்கு ஆசனம். இது ராஜத் துரோகம் இல்லையா?"

அரசனின் புருவம் நெரிந்தது. "என்ன அமைச்சரே இது?"

"உயரத்தில் உட்கார்ந்தவரெல்லாம் அரசர் என்றால், கூரைமேல் இருக்கும் புறாக்களுக்கு நாம் இத்தனை காலம் கப்பம் கட்டியிருக்க வேண்டும், மன்னா."

சபை சிரித்தது. அரசனும் சிரித்துவிட்டான். பலகை நின்றது.

அடுத்ததுதான் கஷ்டமான காரியம். "மன்னா, யாரோ வெள்ளச்சிக்கு மேடையிலேயே மீன் கொடுக்கிறார்கள். கொடுப்பவர் யாராக இருந்தாலும் மறுநாள் அவர் தட்டில் மீன் விழக்கூடாது என்று சமையல்கட்டுக்கு உத்தரவிடுங்கள். மீனைப் பலகையில்தான் வைக்க வேண்டும்" என்றார் அமைச்சர்.

அரசனுக்குத் தன் நினைப்பே வரவில்லை. கச்சிராயரைத்தான் சொல்கிறார் போலும் என்று எண்ணி, "யாராக இருந்தாலும் சரி" என்று உத்தரவிட்டான்.

அன்று சாப்பிடும்போதும் வழக்கம்போல் பூனைக்கு மீன் துண்டை நீட்டினான். மறுநாள் அவன் தட்டில் ரசமும் கீரையும் மட்டும் வந்தன. அரசன் சமையற்காரரைப் பார்த்தான். சமையற்காரர் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் உத்தரவைத் தானே மீற முடியாமல் அரசன் அதையே சாப்பிட்டான். கை சும்மா இருக்குமா? மீன் வந்த நாளில் மறுபடி கொடுத்தான், மறுபடி கீரை வந்தது. பிறகு தானே எழுந்து போய், துண்டைப் பலகையில் வைக்கப் பழகிக்கொண்டான். மேடையில் ஒன்றும் கிடைக்காததால் வெள்ளச்சி அந்தப் பக்கம் போவதை நிறுத்தியது. வெயிலும் வேடிக்கையும் மீனும் பலகையிலேயே இருந்தன.

அறுவடை முடிந்து பரிமளராயன் வந்தான். அவன் அமர்வதற்கு முன்பே கச்சிராயர் சிம்மாசன மெத்தைக்கடியில் வறுத்த மீனை ஒளித்து வைத்திருந்தார்.

வெள்ளச்சி மண்டபத்துக்குள் வந்தது. மூக்கை உயர்த்தியது. கச்சிராயர் சிம்மாசனத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பூனை தாவிப் பலகையில் ஏறி, அரசனைப் பார்த்துக் கத்தியது, நிறுத்தாமல் கத்தியது.

"அதற்கு என்ன வேண்டும்?" என்றான் பரிமளராயன்.

"இங்கே எங்கோ மீன் இருக்கிறது. அதைக் கொண்டுவந்து கொடுக்கச் சொல்கிறது" என்றார் திருவெண்காடர்.

தேடியதில் மெத்தைக்கடியில் மீன் அகப்பட்டது. யார் வைத்தது என்று அரசன் கேட்கவில்லை. கச்சிராயரின் விரல்களில் எண்ணெய் மினுங்கியது.

"சேனாபதி, கையோடு கையாக அதை வெள்ளச்சிக்குக் கொடுத்துவிடுங்கள். இன்று மட்டுமல்ல, இனி தினமும் வேளை தவறாமல் அது உங்கள் வேலை" என்றான் அரசன்.

சபை பார்த்திருக்கக் கச்சிராயர் மீனை ஏந்திக்கொண்டு பலகைக்கு நடந்தார்.

ஆற்று நீர் ஒப்பந்தம் அன்றே முடிந்தது. கீழைச் சீமையில் வரியில்லாத ஊர் ஒன்றைக் குலோதயன் அமைச்சருக்குக் கொடுத்தான்.

விடைபெறும்போது பரிமளராயன் மெல்லச் சொன்னான்: "என் அரண்மனையிலும் ஒரு பூனை என் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. உங்கள் அமைச்சரைச் சில நாள் அனுப்ப முடியுமா?"

"தாராளமாக" என்றான் குலோதயன். "ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்களுக்கு மீன் பிடிக்குமா?"

"மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது."

குலோதயன் அவன் தோளில் கை வைத்தான். "அப்படியானால் புறப்படுவதற்கு முன் இங்கேயே நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்."