நெல்லிமங்கலம் ராஜாவின் காருக்கு என்ன முடுக்கம்?

நெல்லிமங்கலத்து ராஜா முத்துவீரப்பர் ஒரு மோட்டார் கார் வாங்கினாரய்யா, வாங்கினார்! அன்றிலிருந்து சமஸ்தானமே படாத பாடு பட்டது.

ராஜா எங்கே போனாலும் கட்டியக்காரர் முன்னால் நடந்து விருதுப் பெயர்களை முழங்க வேண்டும். அது வழக்கம். கட்டியக்காரர் குழந்தைவேலுவுக்கோ முட்டிவலி. அவர் பின்னால் கார் ஊர்ந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. ராஜா வாகனத்தில் ஏறியதும் அரண்மனைக் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். அவர் இறங்கினால்தான் மறுபடி ஓட்டுவார்கள். ராஜா தாமதமாக வந்தார் என்ற பேச்சே எழக்கூடாதல்லவா!

ஒருநாள் மாலை ஆறு மணிக்குக் காரில் ஏறியவர், ஊரெல்லாம் ஊர்ந்து அரண்மனைச் சபை மண்டப வாசலுக்கு வந்தும் இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே விகடகவி அனந்தப்பரைக் கூப்பிட்டார்.

"வாகைமலை ராஜா பீற்றிக்கொள்கிறான் ஐயா! அவன் கார் பத்தே நொடியில் முப்பது மைல் வேகம் பிடிக்குமாம். நொடிக்கு நொடி மூன்று மைல் கூடுகிறதாம். நம் காரின் முடுக்கம் அதைவிட அதிகம் என்று கணக்குப் போட்டுக் காட்டும். இல்லையென்றால் நாளை முதல் கட்டியக்காரர் வேலை உமக்குத்தான்!"

அனந்தப்பர் குனிந்து தம் தொந்தியைப் பார்த்தார். அந்தத் தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் நடப்பதா?

திவான் சேஷாசலத்துக்கு ஒரே குஷி. அனந்தப்பரை எப்போது கவிழ்க்கலாம் என்று காத்திருந்த ஆசாமி அவர். "கூடிய வேகத்தை, ஆன நேரத்தால் வகுத்தால் முடுக்கம். வகும் பார்ப்போம்!" என்றார்.

"வகுத்தால் போச்சு. நின்ற கார், இங்கே வரும்போது மூன்று மைல் வேகம் பிடித்திருந்தது."

"ஆன நேரம்?"

"நேரமே ஆகவில்லையே! கிளம்பும்போது ஆறு மணி. கடிகாரத்தைப் பாருங்கள், இப்போதும் ஆறு. மூன்றைப் பூஜ்யத்தால் வகுத்தால் எண்ணில் அடங்குமா? வாகைமலைக் கார் கிட்டேகூட நிற்க முடியாது!"

திவான் குதித்தார். "என்ன அநியாயம்! இருட்டி எவ்வளவு நேரமாகிறது! மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது!"

அனந்தப்பர் காதைப் பொத்திக்கொண்டார். "ஐயையோ! ராஜா மூன்று மணி நேரம் தாமதமாக வந்தார் என்றா சொல்கிறீர்கள்?"

திவானுக்கு வேர்த்துக் கொட்டியது. "நா... நான் சொல்வேனா? ஆறுதான்! சரியாக ஆறு!"

ராஜா கார் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "சபாஷ்! என்ன வேண்டுமோ கேளும், அனந்தப்பரே!"

அனந்தப்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டார்.

"மகாராஜா, தயவுசெய்து காரைவிட்டு இறங்குங்கள். அரண்மனையில் ஏழு மணிக்குத்தான் சோறு போடுவார்கள்!"