திருப்பி வைத்த வெர்னியர்

வெயிலுகந்தன் அண்ணனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் பட்டறை வாசலில் நின்று தன் சாப்பாட்டுப் பையை எனக்குத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பாத்துக்கோ தம்பி. தூக்குச்சட்டிக்குள்ளயும் கைய விட்டுப் பாரு. ரசம் ஒட்டும், அவ்வளவுதான்."

உள்ளே இரும்புப் பின் எதுவும் இல்லை. பையை மாட்டிக்கொண்டு போனார். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

நூல் மில்லிலிருந்து, மோட்டாரையும் எந்திரத்தையும் இணைக்கும் கப்ளிங் ஒன்று தேய்ந்துபோய் வந்திருந்தது. துளைகளை அளந்து சரி என்றவன் நான். ஆறு புதுப் பின்களைப் பிரஸ்ஸில் வைத்து இறக்கியவர் அவர். பத்தே நாளில் பின்கள் ஆடின. ஒன்று தெறித்து, அங்கே வேலை செய்த பெண்ணின் காதோரம் போயிருக்கிறது.

திரும்பி வந்ததைக் கழற்றினேன். ஒவ்வொரு பின் மீதும் சென்டர் பஞ்ச் என்ற கூர் உளியால் குத்திய புள்ளிகள். தளர்ந்த பின்னை அப்படிக் குத்தி மேடாக்கினால் சில நாள் பிடித்து நிற்கும். புதுப் பின்னை வெளியே விற்றுவிட்டுத் தேய்ந்ததைப் போடுகிறார் என்று நினைத்தேன்.

அவர் வராத அன்று கப்ளிங்கை மாஸ்டர் சூசைநாதன் முன்னால் வைத்தேன். எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர். வயதில் என்னைவிட இளையவர்.

"அந்த ஆள் மேல உங்களுக்குச் சந்தேகமே வரலையா மாஸ்டர்?"

"துளையை அளங்க."

வெர்னியர் அளவுகோலை வைத்தேன். "பன்னெண்டு மில்லி. சரியா இருக்கு."

"அப்படியே கால் சுத்து திருப்புங்க."

திருப்பினேன். வெர்னியர் துளைக்குள் ஆடியது.

"இப்ப விரிச்சு அளங்க."

"பன்னெண்டேகால்."

மற்ற ஐந்தையும் அளக்கச் சொன்னார். ஐந்தும் அப்படித்தான்.

"அவரு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லலையா?"

சொன்னார். துளை ஒரு பக்கமா இழுத்திருக்கு தம்பி, பின் நிக்காது என்றார். அளந்தாச்சு, இறக்குங்க என்றேன். இரண்டு முறை. அதன் பிறகுதான் புதுப் பின்னையே குத்தி மேடாக்கி இறக்கியிருக்கிறார்.

"போய்க் கூட்டிட்டு வரட்டுமா மாஸ்டர்?"

"முதல்ல துளையைச் சரிபண்ணுங்க. அது வரைக்கும் எது வந்தாலும் நிக்காது."

ஆறு துளைகளையும் பதிமூன்றுக்குப் பெரிதாக்கிப் புதுப் பின் இறக்கி முடிக்க, மறுநாள் சாயங்காலம் ஆனது. அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் நெஞ்சுவலி என்றார்கள்.

அவருடைய சுத்தியல் பட்டறையில்தான் இருக்கிறது. பிடி அவர் போட்டது. முப்பத்தோரு வருடமாகிறது. இன்னும் ஆடவில்லை.