பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி

உலகம்மாள் சொளகில் ரேஷன் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

சொரிமுத்து நடையில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“டீச்சர், நான் செஞ்சது சரிதான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

அவள் தலை நிமிரவில்லை.

“உக்காருங்க அண்ணாச்சி.”

உட்கார்ந்தார்.

இந்தச் சிஷ்யருக்கு வயது நாற்பத்து மூன்று. டீச்சருக்கு இருபத்தொன்பது. ஆபீஸில் புதிதாக யார் சேர்ந்தாலும் வேலை சொல்லிக்கொடுப்பது அவள்தான். அதனால் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். சத்தமாகப் பேசமாட்டாள். நாலு பேர் கூடிவிட்டால் சுவரோடு சுவராக நின்றுகொள்வாள். ஆனாலும் அவள் சொல்லிக்கொடுத்தது யாருக்கும் மறக்காது.

வேலை இதுதான். ஆஸ்பத்திரியில் லேப் ஒரு பக்கம், வார்டு ஒரு பக்கம். ரத்தம் சோதித்த முடிவு லேபிலிருந்து ஒரு செய்தியாகக் கிளம்பி, கம்ப்யூட்டர் வழியாக வார்டுக்குப் போகும். போகிற வழியில் ஒரு வாசல். பேர் இருக்கிறதா, வயது இருக்கிறதா, எண் வர வேண்டிய இடத்தில் எண்தான் வந்திருக்கிறதா என்று பார்க்கும். எல்லாம் சரியாக இருந்தால் உள்ளே. இல்லாவிட்டால் ரிஜெக்ட் பெட்டி.

அந்த வாசலைக் கட்டியவள் உலகம்மாள். பிரசவத்துக்கு லீவு போடும்போது அதைச் சொரிமுத்துவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

“வாசல்ல நிக்கவனுக்கு இரக்கம் ஆகாது அண்ணாச்சி. காலியா வந்தா திருப்பிருங்க” என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

அவர் அதை நோட்டின் முதல் பக்கத்தில், பிள்ளையார் சுழிக்குக் கீழே எழுதிவைத்துக்கொண்டார்.

முன்பு அச்சாபீஸில் பிழை பார்த்தவர் அவர். தாளில் கொசு உட்கார்ந்தாலும் காற்புள்ளியோ என்று குனிந்து பார்க்கிற ஆள்.

அவள் போன முதல் மாதமே அவர் கண்ணில் ஒன்று பட்டது. லேபிலிருந்து வருகிற சில செய்திகளில் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி இருந்தது. வெறும் புள்ளி. பேரும் இல்லை, காலியும் இல்லை. எண்ணிப் பார்த்தார். ஒரே மாதத்தில் முந்நூற்றுப் பதினொன்று.

எல்லாம் லேபில் டைப் அடிக்கிற பிரகாசி என்ற பெண் போட்டது.

பேர் அடிக்கச் சோம்பல்பட்டு வாசலை ஏய்க்கிறாள் என்று அவருக்குக் கோபம் வந்தது. அன்றைக்கே அந்த வழியை அடைத்தார். புள்ளி வந்தாலும் இனிமேல் ரிஜெக்ட்தான்.

மேனேஜர் கூட்டம் போட்டு அவருக்குச் சால்வை போர்த்தினார். சொரிமுத்து நிற்கிற வாசலில் காற்றுகூடப் பேரைச் சொல்லிவிட்டுத்தான் நுழைய முடியும் என்று பையன்கள் கேலி பண்ணினார்கள். அந்தச் சால்வை இப்போது அவர் வீட்டு டிவியை மூடியிருக்கிறது.

இதையெல்லாம் உலகம்மாளிடம் சொன்னார். அவள் கல்லைப் பொறுக்கிப் பக்கத்தில் இருந்த தட்டில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

பாயில் அவள் பிள்ளை, ஏழு மாதம், குப்புறக் கிடந்தது. ஒரு டப்பா மூடியைத் தரையில் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. முகம் சுவர்ப்பக்கம்.

“இப்ப என்ன ஆச்சு?” என்றாள்.

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

புள்ளியை அடைத்த அந்த வாரமே ஒரு குழந்தையின் ரிசல்ட் வாசலில் திரும்பியிருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ரிஜெக்ட் பெட்டியில் கிடந்திருக்கிறது. வார்டில் ரிசல்ட் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பிள்ளைக்கு என்னமோ ஆகிப்போனது. என்ன ஆனது என்று ஆஸ்பத்திரி சொல்லவில்லை. யார் பிள்ளை என்றும் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் ஒரு நம்பரை மட்டும் தந்து விசாரிக்கச் சொன்னார்கள்.

“விசாரிச்சாச்சு. வாசல்ல ஒரு குத்தமும் இல்ல. நாளைக்குப் பத்து மணிக்குள்ள நான் கையெழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்.”

தாளை நீட்டினார். கை வேலையாக இருந்ததால் அவள் வாங்கவில்லை. எட்டிப் பார்த்தாள். கடைசிக் கட்டத்தில், ‘தவறுக்குப் பொறுப்பானவர் பெயர்’ என்ற இடத்தில், பிரகாசி என்று இருந்தது.

“இது போச்சுன்னா அவ வேலை போயிரும், இல்லையா?”

“போயிரும்.”

“வேற எங்கயும் சேத்துக்கிட மாட்டாவ.”

அவர் தாளை மடியில் வைத்துக்கொண்டார். தான் வேண்டுமென்று செய்யவில்லை என்றும், ராத்திரி சோறு இறங்கவில்லை என்றும், டீச்சர் ஒரு வார்த்தை சரி என்று சொல்லிவிட்டால் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்றும் சொன்னார். அவள் சொல்லிக்கொடுத்ததைத்தானே செய்தோம் என்பதையும் இரண்டு தடவை சொன்னார்.

அவள் அரிசியைப் பொறுக்கி முடித்தாள். அதைப் பானையில் கொட்டினாள்.

பிறகு பொறுக்கிப் போட்ட தட்டை எடுத்துச் சொளகில் கவிழ்த்தாள். கல்லும் உமியும் கறுப்பு அரிசியுமாகக் கிடந்ததை விரலால் பரப்பினாள். அதிலிருந்து ஒவ்வொன்றாக நல்ல அரிசியை எடுக்க ஆரம்பித்தாள்.

சொரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது.

“வேண்டாம்னு போட்டதை மறுபடி கிண்டுதீயளே டீச்சர்.”

“ரிஜெக்ட் பெட்டியை யாரு திறந்து பாப்பா அண்ணாச்சி?”

“அதை யாரு திறப்பா? அது நம்ம வேலை இல்லையே.”

“ஆமா. அதை நான் சொல்லிக்கொடுக்கல.”

பத்துப் பதினைந்து நல்ல அரிசி தேறியது. பானையில் போட்டாள்.

“அந்தப் புள்ளி எதுக்குன்னு பிரகாசிகிட்ட கேட்டியளா?”

“கேக்க என்ன இருக்கு? விசாரணையில வாயத் திறந்தா. அழுகைதான் வந்துது.”

உலகம்மாள் கையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். பாயில் கிடந்த பிள்ளையைக் காட்டினாள்.

“அவனைக் கூப்பிடுங்க.”

அவருக்கு விளங்கவில்லை. பிள்ளை பிறந்து ஏழு மாதம் ஆகியும் வந்து பார்க்கவில்லை என்று டீச்சருக்கு வருத்தமோ என்று நினைத்தார். வெறுங்கையோடு வந்ததும் அப்போதுதான் உறைத்தது.

“பேரு என்ன வச்சிருக்கீய?”

“ஆவுடையப்பன்.”

“ஆவுடை” என்று கூப்பிட்டார்.

பிள்ளை மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது.

“ஏலேய், ஆவுடை. மாமாவப் பாரு.”

தட்டிக்கொண்டே இருந்தது.

அவர் கையைத் தட்டினார். பலமாக இன்னொரு தடவை தட்டினார். தெருவில் போன ஒருத்தர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

“விளையாட்டு மும்முரம் போல” என்றார்.

உலகம்மாள் சொளகை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

“எப்ப பேரு வச்சிய டீச்சர்? எங்களுக்கெல்லாம் ஒரு சொல்லுகூட இல்ல.”

“முப்பது நாள் கழிச்சுத்தான். யாரையும் கூப்பிடல. உங்க மகளுக்கு எப்ப வச்சிய?”

“அதே முப்பதுதான். நம்ம பக்கம் எல்லாருக்கும்...”

“அதுவரைக்கும் என்னன்னு கூப்பிட்டிய?”

“என்னன்னு? பாப்பான்னுதான். பேருதான் கெடையாதே பிள்ளைக்கு.”

சொன்ன பிறகு திறந்த வாய் மூடவில்லை.

முந்நூற்றுப் பதினோரு புள்ளி.

அவர் தன் கைகளைப் பார்த்தார். அவருக்கும் முப்பது நாள் பேர் கிடையாது. மேனேஜருக்கும் கிடையாது. கேலி பண்ணின பையன்கள் ஒருவருக்கும் கிடையாது. கூட்டத்தில் இருந்த எல்லோரும் பேரில்லாமல் பிறந்தவர்கள். ஒருத்தருக்கும் அது நினைப்பு வரவில்லை.

உலகம்மாள் எழுந்துபோய்ச் சுவர் அலமாரியில் இருந்த அஞ்சறைப்பெட்டியைத் திறந்தாள். கடுகுக் கிண்ணத்துக்கு அடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். நாலாக மடித்து மடித்து மடிப்பு கிழிந்திருந்தது. லேப் ஜன்னலில் ரத்தம் எடுக்கும்போது கொடுக்கிற சீட்டு.

வயது என்ற இடத்தில் மூன்று நாள் என்று இருந்தது. பெயர் என்ற இடத்தில் ஒரு புள்ளி.

மேலே நம்பர்.

அந்த நம்பரை அவர் வாசிக்க வேண்டியதில்லை. இரண்டு வாரமாக அவருக்கு அது மனப்பாடம்.

பிள்ளை மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது.

“மஞ்சக்காமாலை கூடிப்போச்சு” என்றாள். “நீல விளக்குக்கு அடியில வைக்க ரெண்டு நாள் பிந்திட்டு. பிள்ளை பிழைச்சுட்டான். காதுதான் போச்சு.”

அவர் சீட்டைத் தொடவில்லை.

அந்த இரண்டு நாளும் நர்ஸ் வந்து ரிசல்ட் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்ததாகவும், அம்மா, வீட்டுக்காரர், எல்லோரும் லேபுக்குப் போய்ச் சண்டை போடுகிறோம் என்று நின்றதாகவும், தான்தான் தடுத்ததாகவும் அவள் சொன்னாள். அடுத்த வீட்டு விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னாள்.

“நான் கட்டின வாசல்தானே. லேப்ல இருந்து ரிசல்ட்டுன்னு ஒண்ணு கிளம்பியிருந்தா வந்திருக்கும்னு சொன்னேன்.”

“டீச்சர், எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்கு...”

“உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

புள்ளிகளை அவள் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே பார்த்திருக்கிறாள். பிரகாசியிடம் கேட்டும் இருக்கிறாள். பேர் வைக்காத பிள்ளைக்கு எந்தப் பேரை அக்கா அடிக்க, காலியாக விட்டால் உங்க வாசல் விடமாட்டேங்குதே என்று அவள் சொல்லியிருக்கிறாள். சரி, புள்ளியே போடு என்று விட்டுவிட்டாள் உலகம்மாள்.

“அதை எங்கிட்ட சொல்லலையே நீங்க.”

“வெக்கம்.”

அவள் சீட்டை மறுபடி மடித்தாள்.

“காலியா வந்தா திருப்பணும்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவ நான். நானே பின்வாசல் வழியா விட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்? லீவு போடுத அன்னைக்குச் சொல்லிருவோம்னு உங்க மேசை வரைக்கும் வந்தேன். பையன்க சுத்தி நின்னாங்க. பிறகு போன்ல சொல்லிக்கிடலாம்னு போயிட்டேன்.”

இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளி, போனில் சொல்வதற்குள் வலி வந்துவிட்டது.

சொளகில் மிச்சமிருந்தது கல்லும் உமியும்தான். அதை ஒரு தடவை கிளறிப் பார்த்தாள். பிறகு முற்றத்தில் கொட்டினாள்.

சொரிமுத்து தாளை எடுத்தார். பேனாவை எடுத்துப் பிரகாசி என்ற பேரைக் குறுக்கே அடித்தார். அடித்த இடத்திலேயே மறுபடி மறுபடி அடித்தார். தாள் கிழிந்துவிடும் போல இருந்தது.

“இந்த இடத்துல இனி என்ன எழுத டீச்சர்?”

“காலியா விட்டா?”

“காலியா விட்டா வாசல் எடுத்துக்கிடாதே” என்றார்.

சொன்னது தன் வாய்தான் என்று அவருக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

“புள்ளி போட்டா?” என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பேனா கையில் இருந்தது. வைக்கவும் முடியவில்லை, எழுதவும் முடியவில்லை. தன் பேரைப் போட்டுவிடலாம் என்று முதல் எழுத்தை எழுதப் போனார்.

அவள் கையை நீட்டித் தாளை மறைத்தாள். உள்ளங்கையில் அரிசித் தவிடு ஒட்டியிருந்தது.

“அது இல்ல அண்ணாச்சி. அந்த இடத்துல எழுத வேண்டிய பேரு...”

“ஏளா உலகு” என்று அடுப்படியிலிருந்து அவள் மாமியார் கூப்பிட்டாள்.

கூடத்தில் இருந்தது மூன்று பேர். இரண்டு பேர் திரும்பினார்கள்.