கறுத்த வேர்

"சாமி, இது பொழைக்குமா, போயிடுமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ரங்கநாயகி அம்மாள் ஆர்க்கிட் தொட்டியைச் சின்னச் சாமியின் முன்னால் வைத்தார்.

ஏற்காட்டில் ஒரு சிறிய மடம் அது. சாமிக்கு வயது முப்பத்தைந்துதான் இருக்கும். அதனால்தான் ஊர் அவரைச் சின்னச் சாமி என்றது. ரங்கநாயகிக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். டாக்டர்களே அவர் எதிரில் கொஞ்சம் அடக்கித்தான் வாசிப்பார்கள். வியாழன்தோறும் மடத்துக்கு வந்து கேள்வி கேட்பார். பதில் பிடிக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

இன்று வியாழன் இல்லை. பஸ்ஸில் மலை ஏறுகிறவரை தொட்டியை மடியிலிருந்து இறக்கவும் இல்லை.

இலைகள் மஞ்சளடித்துத் துவண்டு தொங்கின.

"என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணலைன்னு கேளுங்க. நல்ல செம்மண்ணு, தொழு உரம், காலையில தண்ணி, சாயந்திரம் தண்ணி. பெத்த பிள்ளை மாதிரி பார்த்தேன்."

"வாங்கினதா?"

"கொடுத்தது."

"யாரு?"

ரங்கநாயகி முந்தானையைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"தம்பின்னு ஒருத்தன் இருந்தான்."

"இருந்தாரா?"

"இருக்கான். எனக்கில்லை. தலைமுழுகியாச்சு."

அவர் கணவர் இறந்தபோது தம்பி சாரங்கன் வரவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் இந்தச் செடியோடு வாசலில் வந்து நின்றான். ரங்கநாயகி கதவைத் திறக்கவில்லை. செடியை வைத்துவிட்டுப் போனான். அவன் தெருமுனை திரும்பியதும் செடியை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டார்.

"ஏன் வரலைன்னு கேட்டீங்களா?"

"கேக்கறதுக்கு என்ன சாமி இருக்கு? வரலை. அவ்வளவுதான்."

"சரி" என்றார் சாமி. தொட்டியைக் கவிழ்த்தார்.

"ஐயோ, மண்ணு!"

"இதுக்கு மண்ணு ஆகாதும்மா. மரத்து மேல தொத்திக்கிட்டு, காத்தைக் குடிச்சு வாழற ஜாதி."

"மண்ணு இல்லாம எதைச் சாமி பிடிச்சுக்கும்?"

சாமி சிரித்தார்.

புளித்த வாடை அடித்தது. வேர்களை வாளித் தண்ணீரில் அலசிவிட்டுக் கத்தரிக்கோலை நீட்டினார். ரங்கநாயகி பழக்க தோஷத்தில் அதை விளக்குச் சுடரில் காட்டிச் சுட்டு எடுத்துக்கொண்டார்.

"அழுகினதை வெட்டுங்க."

முதல் வேர் கொழகொழவென்று கையோடு வந்தது. தோல் உருவிக்கொண்டு உள்ளே நூல்தான் மிச்சம். வெட்டினார். அடுத்ததும் அப்படியே. வெட்டினார். போகப் போகத் தொட்டுப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். கை வேகம் பிடித்தது. முகம் மட்டும் சிறுத்துக்கொண்டே வந்தது.

கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது. கரியாகக் கறுத்திருந்தது.

"இதுவும் போச்சு" என்று கத்தரிக்கோலைத் திறந்தார்.

சாமி தன் சுண்டுவிரலை அதன் நடுவே வைத்தார்.

ரங்கநாயகி கத்தரிக்கோலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "சாமி! விரல் போயிருக்குமே!"

"நாடி பார்த்தீங்களா?"

"பார்த்தாலே தெரியுதே, கறுத்துப் போச்சு."

"ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தானா? பார்த்ததும் துணியை இழுத்து முகத்தை மூடிடுவீங்களா?"

ரங்கநாயகிக்குச் சுருக்கென்றது. கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். எத்தனையோ மணிக்கட்டுகளைப் பிடித்த விரல்களால் அந்த வேரைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

அழுந்தவில்லை. கெட்டியாக இருந்தது.

கட்டைவிரலால் மெல்லத் தேய்த்தார். உரக் கறைதான். அடியில் பச்சை தெரிந்தது.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

மேலும் அழுகாமலிருக்க, வெட்டிய இடங்களில் சாமி லவங்கப்பட்டைத் தூளைத் தடவினார். ஓட்டை போட்ட சட்டியில் கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் போட்டு, அந்த ஒற்றை வேரைப் பிள்ளையைத் தொட்டிலில் இடுவதுபோல இட்டு, செடி ஆடாமல் ஒரு குச்சியில் கட்டினார்.

"இனி எப்பத் தண்ணி ஊத்தணும் சாமி?"

"கொடுத்தவருக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

சாமி கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ரங்கநாயகி வழக்கம்போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பார்க்கத்தான் ஆளில்லை. வேரைப் பார்த்தார். உள்ளே பார்த்தார். மறுபடி வேரைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து போனை எடுத்தார். எண்ணை எப்போதோ அழித்தாயிற்று. ஆனால் விரலுக்கு மறக்கவில்லை.

மணி போனது. எடுத்தான்.

"நான்தான். அந்தச் செடிக்கு எப்பத் தண்ணி ஊத்தணும்?"



"அக்கா... அது இன்னுமா உயிரோட இருக்கு?"

ரங்கநாயகி சட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு வேர் இருக்குடா" என்றார். "அன்னைக்கு ஏன்டா வரலை? சொல்லு, கேக்கறேன்."