மொட்டைப்பாறைக்கு ஒரு ரவுட்டர்

மொட்டைப்பாறை டவருக்கு எந்த ரவுட்டரை வாங்கலாம் என்று கேட்க, வெள்ளைச்சாமி ஒரு சனிக்கிழமை காலையில் மூன்று பெட்டிகளோடு சகாயராணி டீச்சரின் ஆபீசுக்கு வந்தார்.

வெள்ளைச்சாமி கேபிள் டிவி காலத்து ஆள். ஐம்பத்தாறு வயது. ஊரெல்லாம் ஒயர் இழுத்த மனுஷன், இப்போது ஒயரே இல்லாமல் ஆறு மலைக்கிராமங்களுக்கு இன்டர்நெட் கொடுக்கக் கிளம்பியிருந்தார். டீச்சர் அவரைவிடப் பதினாலு வயது இளையவர். பாலிடெக்னிக்கில் கொஞ்ச காலம் பாடம் எடுத்துவிட்டு, பிறகு பெரியகுளத்தில் உட்கார்ந்தபடியே மலை டவர்களைக் கவனித்துக்கொள்கிறவர். ஆறு மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் நோட்டும் பேனாவுமாக வந்து அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள வெள்ளைச்சாமிக்குக் கூச்சமே இல்லை. அதற்காகவே எனக்கு அந்த மனுஷனைப் பிடிக்கும்.

மொட்டைப்பாறைக்கு ரோடு கிடையாது. ஜீப் நிற்கிற இடத்திலிருந்து மூன்று மணி நேரம் ஏற வேண்டும். மழை பிடித்துவிட்டால் வழியெல்லாம் பாசி. அங்கே ஏறி இறங்கப் போகிறவர் மாயாண்டி, வெள்ளைச்சாமியின் தங்கை புருஷன். மூன்று பெட்டிகளில் ஒன்றை மறுநாள் விடிந்ததும் அவர் தூக்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. ஐப்பசி பிறக்க நாலு நாள்தான் இருந்தது.

வெள்ளைச்சாமி முதல் பெட்டியின் புகழைப் பாடினார். முந்நூறு வீடு ஒரே நேரத்தில் படம் பார்த்தாலும் திணறாதாம். இரண்டாவது அதற்குத் தம்பி. மூன்றாவது கொஞ்சம் மந்தம். கடைக்காரர் இதையும் பாருங்களேன் என்று கையில் திணித்தது. டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், பெட்டியோடு வந்த எந்தத் தாளையும் புரட்டவில்லை.

பேச்சுவாக்கில், டீச்சரின் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய, டவர் ஏறும்போது இடுப்பில் கட்டிக்கொள்கிற பெல்ட் வெள்ளைச்சாமியின் கண்ணில் பட்டது. நல்ல பெல்ட். மாயாண்டியின் பெல்ட் நைந்துபோயிருந்தது. சும்மா தொங்குவதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். முதலில் வந்த வேலையைப் பார்ப்போம் என்றார் டீச்சர்.

மூன்று பெட்டிகளையும் பின்னறையில் வைத்து, கரண்ட் கொடுத்து, கதவைச் சாத்தினார். வெள்ளைச்சாமியை முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்.

“கம்ப்யூட்டர்ல முதல் பெட்டியைத் திறங்கண்ணே. அதோட முகவரியை மாத்துங்க. தப்பா மாத்துங்க.”

“தப்பாவா?”

“தப்பாத்தான்.”

வெள்ளைச்சாமி தயங்கித் தயங்கி ஒரு எண்ணை மாற்றி அடித்தார். திரை அப்படியே நின்றுபோயிற்று. இனி இங்கிருந்து என்ன தட்டினாலும் அந்தப் பெட்டிக்கு எட்டாது, யாராவது நேரில் போய்க் கை வைத்தால்தான் உண்டு. தான் போகிற வழியைத் தானே அடைத்துக்கொள்கிற இந்தத் தப்பை ஒரு நாளாவது செய்யாதவர் இந்தத் தொழிலில் இல்லை. செய்யவே இல்லை என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார்.

அவர் எழுந்து பின்னறைப் பக்கம் நடந்தார்.

“எங்கே கிளம்பிட்டீங்க?”

“ரீசெட் பண்ணிட்டு வந்துர்றேன் டீச்சர். நாலு எட்டுதானே.”

“மூணு மணி நேரம் ஏறணும். மழை பெய்யுது. உட்காருங்க.”

வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. வெள்ளைச்சாமி திரும்பி வந்து உட்கார்ந்தார்.

இரண்டாவது பெட்டியிலும் அதே தப்பைச் செய்யச் சொன்னார் டீச்சர். அதுவும் போயிற்று. மூன்றாவதும் போயிற்று. நல்லா இருந்த மூணையும் கெடுத்தாச்சு என்று வெள்ளைச்சாமிக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். டீச்சர் டீ போட்டுக் கொடுத்தார். டம்ளரைக் கீழே வைக்கும்போது பார்த்தால், மூன்றாவது பெட்டி திரையில் திரும்ப வந்திருந்தது. பழைய முகவரி. ஒன்றுமே நடக்காத மாதிரி.

“யாரு போய்த் தொட்டது?”

“யாரும் தொடலை. பத்து நிமிஷமா இங்கேருந்து உங்க குரல் அதுக்குக் கேக்கலை. நீங்க கடைசியா சொன்னதை விட்டுட்டு, பழைய இடத்துக்கே வந்துருச்சு.”

மற்ற இரண்டும் மதியம்வரை வரவில்லை.

வெள்ளைச்சாமிக்கு மனசு சமாதானமாகவில்லை. சாயங்காலம் ஊரே படம் பார்க்கும்போது இந்த மந்தப் பெட்டி இழுக்காது, ஆளாளுக்குப் போன் போட்டு என்னைத்தான் வைவார்கள் என்றார். வைவார்கள்தான் என்று டீச்சரும் ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மனசில் இருந்ததைச் சொன்னார் வெள்ளைச்சாமி.

“தப்பு பண்றவனுக்குத்தானே டீச்சர் இந்தப் பெட்டி? நான் ஒண்ணுக்கு ரெண்டு தடவை பார்த்துத்தான் அடிப்பேன்.”

டீச்சர் எழுந்துபோய் ஆணியிலிருந்து பெல்ட்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார். உள்பக்கம் பேனாவால் ஒரு பெயர் எழுதியிருந்தது.

“மாயாண்டிக்குக் கேட்டீங்களே. இது என் தம்பி லூர்துவோடது.”

வெள்ளைச்சாமி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

“இங்கே உட்கார்ந்து மேல இருக்கிற பெட்டிக்கு ஒரு நம்பரை மாத்தி அடிச்சுட்டேன். சரி பண்ண அவன் ஏறினான். மழை. டவர்கிட்ட போய்க் கட்டிக்கலாம்னு பெல்ட்டைத் தோள்ல போட்டிருந்தான். டவர்வரைக்கும் போகலை, வழியிலேயே பாறை வழுக்கிருச்சு. பெல்ட்டு மட்டும்தான் வீட்டுக்கு முழுசா வந்தது.”

வெள்ளைச்சாமிக்கு மாயாண்டியின் முகம் கண் முன்னால் வந்து நின்றது.

டீச்சர் பெல்ட்டைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

“நானும் ரெண்டு தடவை பார்த்துட்டுத்தாண்ணே அடிச்சேன்.”